அம்மாவோடு ஒரு மலைக் கிராமத்துக்கு: நான்கில் எது?

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. பிறந்து வளர்ந்தது செய்யாற்றங்கரைக் கிராமம் ஒன்றில். கல்யாணமாகிப் பெரம்பூர் வந்தபின் ஊரில் இருந்த நிலமும் கைமாறிவிட்டது. இப்போது போய் நிற்க ஒரு வரப்பு கிடையாது. போன மாதம் ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, “மலை மேல விவசாயம் நடக்கிற ஊரா பார்த்து ரெண்டு நாள் கூட்டிட்டுப் போப்பா. சுத்திப் பார்க்கிற இடமெல்லாம் வேணாம்” என்றார். பக்கத்தில் இருந்த என் மகள் உடனே ஒட்டிக்கொண்டாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். பூண்டு மண்ணுக்கு அடியில் விளையும் என்று பாடத்தில் படித்திருக்கிறாள், ஒரு பூண்டுச் செடியையும் பார்த்ததில்லை.

கையில் இருப்பது மூன்று நாட்கள். வெள்ளிக்கிழமை லீவு போட்டால் ஞாயிறு ராத்திரிக்குள் சென்னை திரும்பிவிட வேண்டும். மாதம் ஐப்பசியா கார்த்திகையா என்பது மட்டும் என் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் தனியாகவும் நண்பர்களோடும் நான் திரும்பத் திரும்பப் போன மலை ஊர்கள் நான்கு. கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை. மூணாறுக்கு அப்பால் வட்டவடை. நாமக்கல் பக்கம் கொல்லிமலை. வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே ஜவ்வாது மலை. நான்கும் எனக்குப் பிடித்தவை. எது அழகு என்று கேட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை, கண்ணை மூடிக்கொண்டு வட்டவடை என்று சொல்லிவிடுவேன். ஆனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது கேள்விகள் வேறு. வண்டியில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்? நாம் போகிற வாரத்தில் வயலில் என்ன நிற்கும்? அந்த ஊர் அமைதியாக இருக்குமா, இல்லை நம்மைப் போன்றவர்களால் ஏற்கெனவே நிரம்பியிருக்குமா?

இதில் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது என் வருத்தம். லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது கிளம்புகிறோம். போய்ப் பார்த்தால் அறுப்பு முடிந்து வெறும் தாள் நிற்கும், அல்லது விதைத்து நாலு நாள் ஆன மண் கிடக்கும். ஊர்க்காரர்கள் எல்லாரும் கூலி வேலைக்குக் கீழே இறங்கியிருப்பார்கள். அதன்பின் ‘அங்கே பார்க்க ஒன்றுமில்லை’ என்று நாம் சொல்வது அந்த ஊருக்குச் செய்கிற அநியாயம்.

சென்னையிலிருந்து பக்கம் என்று எல்லாரும் முதலில் சொல்வது ஏலகிரி. ஜோலார்பேட்டை வரை ரயில், பதினான்கு கொண்டை ஊசி வளைவு, மேலே போய்விடலாம். பக்கம் என்பதாலேயே சனி ஞாயிறுகளில் அது நகரத்தின் ஒரு தெருவாகிவிடுகிறது. ஏற்காடும் அப்படித்தான். கல்வராயன் மலையை நான் தள்ளிவைக்கவில்லை. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் அமைதியான ஊர்கள் உண்டு. கள்ளக்குறிச்சி வழியாக ஏறினால் தூரமும் அதிகமில்லை. ஆனால் நான் அங்கே போனது ஒரே முறை, அதுவும் பகலில் ஏறி மாலையில் இறங்கினேன். ராத்திரி தங்கிப் பார்க்காத ஊரைப் பற்றி அடுத்தவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, நான்குக்கு வருவோம்.

பூம்பாறை

கொடைக்கானல் நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். மன்னவனூர் சாலையில் ஒரு திருப்பத்தில் திடீரென்று பள்ளத்தாக்கு திறக்கும். படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் ஓட்டு வீடுகளும் வண்ணம் அடித்த வீடுகளுமாக ஒரு கொத்து ஊர். போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தத் திருப்பத்திலேயே வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஊருக்குள் இறங்குகிறவர்கள் குழந்தை வேலப்பர் கோயிலோடு சரி. அந்த மூலவரைப் போகர் நவபாஷாணத்தின் வழியில் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. பழனி முருகனையும் அவர்தான் செய்தார் என்பார்கள்.

விவசாயம் என்று பார்த்தால் பூம்பாறைக்கு ஒரு தனிப்பெருமை இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மேல்மலை ஊர்கள்தான் அதன் தாய்வீடு. வருடத்தில் இரண்டு பட்டம். ஒன்று மே மாதத்தை ஒட்டி ஊன்றுவார்கள், இன்னொன்று நவம்பரை ஒட்டி. பூண்டு முற்ற நாலைந்து மாதம் ஆகும். பிடுங்கியதைக் கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிடுவார்கள். புகை பட்ட பூண்டு சீக்கிரம் முளைவிடாது, கெடாது. விற்பனைக்குப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். ஒரு முறை பூம்பாறையில் ஒரு வீட்டுக்குள் போனபோது கண் எரிந்தது. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கப் பூண்டு. அந்த வாசனை ஊர் திரும்பிய பிறகும் என் சட்டையில் இருந்தது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் மூன்று நாள் நவம்பரில் வருகிறது. அப்போது ஒரு பட்டம் பிடுங்கி முடிந்திருக்கும், அடுத்தது ஊன்றிக்கொண்டிருப்பார்கள். ஊன்றுவதைப் பார்ப்பதும் நல்லதுதான், அம்மாவே உட்கார்ந்து நாலு பல் ஊன்றிவிடுவார். மகள் எதிர்பார்ப்பது பிடுங்குவதை. அவளுக்காகப் போவதென்றால் மாசி, பங்குனிப் பக்கம்தான் போக வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், பூம்பாறைக்குப் போக வேண்டுமானால் கொடைக்கானல் நகரத்துக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். ஒரு மே மாதம் நான் போனேன். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்ற வண்டி நகர இரண்டரை மணி நேரமானது. பூம்பாறை போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நான் தங்கிய இடத்தில் வேறொரு கூட்டம் ஸ்பீக்கர் வைத்து நள்ளிரவு வரை பாட்டுப் போட்டது. காலையில் வயலுக்கு இறங்கியபோது அங்கே கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், “நீங்களும் தூங்கலையா தம்பி” என்று கேட்டார். அவர் வீடு அந்த விடுதிக்குக் கீழ்வீடு. அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

கூட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வாரநாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அந்த எண்ணைப் பார்த்தாலே தெரியும், கட்டுப்படுத்திய பிறகும் எத்தனை பேர் ஏறுகிறோம் என்று.

பூம்பாறையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதையும் தாண்டிக் கவுஞ்சி, பூண்டி, கடைசியாகக் கிளாவரை. அந்தப் பக்கம் போகப் போகக் கூட்டம் கரைந்துவிடும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பூண்டு, நடுவில் குளிர் என்று மனதுக்கு நிறைவான ஊர்கள். எழும்பூரில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் கொடைரோடு. அங்கிருந்து நகரத்துக்கு 80 கிலோமீட்டர் மலைப்பாதை, பிறகும் ஒன்றரை இரண்டு மணி நேரம். இளவட்டங்களுக்கு இது ஒன்றுமில்லை. மூட்டு வலி உள்ளவருக்கு இதில் பாதியே அதிகம்.

வட்டவடை

பூம்பாறைக்கும் வட்டவடைக்கும் நடுவில் இருப்பது ஒரே மலைத்தொடர். கிளாவரையின் மறுபக்கச் சரிவில் இறங்கினால் வட்டவடைதான். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஜப்பான்காரன் சென்னையில் இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலிலிருந்து மூணாறு வழியாகக் கொச்சிக்குத் தப்பிப் போவதற்கென்று ஒரு சாலையைச் சீர்படுத்தி வைத்தார்கள். அது இன்று பொதுப் போக்குவரத்துக்கு இல்லை. அதனால் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குப் போகவே மலையைச் சுற்ற வேண்டியிருக்கிறது.

நம் ஆட்களுக்கு வட்டவடையில் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். ஊர் இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். பேச்சு தமிழ். கோவிலூர் கடைவீதியில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் தேனி மாவட்டத்தில் இருப்பது போலவே இருக்கும். பழத்தோட்டம், சிலந்தியாறு, கொட்டாக்கொம்பூர் என்று சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களையும் கேளுங்கள். மலையைச் செதுக்கிப் படிகள் போட்டு கேரட், உருளை, முட்டைகோஸ், பீன்ஸ், பூண்டு போடுகிறார்கள். காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஓணச் சந்தையைக் கணக்குப் பண்ணித்தான் இவர்கள் விதைப்பு. அதனால் ஆவணி மாதம் போனால் வயலெல்லாம் ஆள், சாலையெல்லாம் மூட்டை. அந்தப் பரபரப்பைப் பார்க்க வேண்டும்! அறுவடை நடக்கும் ஊரில் மனிதர்கள் நடக்கிற நடையே வேறு.

வழியெல்லாமும் கதைதான். மூணாறிலிருந்து 32 கிலோமீட்டரில் டாப் ஸ்டேஷன். அங்கே ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் கடைசி நிலையம் இருந்தது. மூணாறுத் தேயிலையை அங்கிருந்து கம்பிவடத்தில் கட்டிக் கொட்டகுடிக்கு இறக்குவார்கள், பிறகு போடி வழியாக வெளியூர் போகும். 1924 வெள்ளத்தில் அந்த ரயில்பாதை அடித்துக்கொண்டு போனது. பெயர் மட்டும் மிச்சம். டாப் ஸ்டேஷனைத் தாண்டினால் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. அந்தக் காட்டுக்குள் ஓடும் ஒற்றைச் சாலைதான் வட்டவடைக்கு வாசல். காட்டெருமை குறுக்கே வரும் பாதை என்பதால் இருட்டிய பிறகு விடமாட்டார்கள். குறிஞ்சிக்கென்றே 2006-ல் ஒதுக்கிய சரணாலயமும் வட்டவடை, கொட்டாக்கொம்பூர் பகுதியில்தான் வருகிறது. 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

இவ்வளவு சொல்லிவிட்டு இந்த முறை வேண்டாம் என்கிறேன். வாரத்தில் மூன்று நாள் சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு நேரடி ரயில் 2023 ஜூன் முதல் ஓடுகிறது. முன்பு மதுரையில் இறங்கி மாறியதை நினைத்தால் இது பெரிய வசதி. ஆனாலும் போடியில் இறங்கி, போடிமெட்டு ஏறி, மூணாறு போய், அங்கிருந்து 45 கிலோமீட்டர் மலைச்சாலையில் வட்டவடை சேர்வதற்குள் மதியம் தாண்டிவிடும். மூன்று நாளில் ஏறத்தாழ இரண்டு நாள் பயணத்துக்கே போய்விட்டால் அம்மா எப்போது வரப்பில் உட்காருவார்? வட்டவடைக்கு ஐந்து நாள் வேண்டும். சம்மதமென்றால் நான்கில் முதலிடம் அதற்குத்தான், அதுவும் ஓணத்துக்கு முந்திய இரண்டு வாரம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஓணத்தன்று போகாதீர்கள். மூணாறில் வண்டி நகராது, வயலிலும் வேலை முடிந்திருக்கும்.

கொல்லிமலை

நண்பர்கள் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான். காரணம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு அந்த எழுபதுதான் தடை. காரவள்ளியில் தொடங்கி மேலே போவதற்குள் அம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி வந்துவிடும். முன்பு ஏற்காடு போனபோதே வந்தது. முள்ளுக்குறிச்சி வழியாக வளைவு குறைந்த இன்னொரு பாதை இருக்கிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் அதைத்தான் பிடிக்க வேண்டும், கொஞ்சம் சுற்று என்றாலும்.

மேலே போனபின் கொல்லிமலை ஒரே ஊர் கிடையாது. வளவந்திநாடு, சேளூர்நாடு, தேவனூர்நாடு, அரியூர்நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் ஒரு சிறு உலகம். கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடிப்பெருக்கை ஒட்டி அவர் பெயரில் விழா நடக்கும். அந்த நாட்களில் அமைதியைத் தேடிப் போகாதீர்கள். மற்ற நாட்களில் செம்மேடு, சோளக்காடு இரண்டை விட்டு விலகினால் போதும், வண்டிச் சத்தம் நின்றுவிடும்.

சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் காபி, மேட்டில் மரவள்ளி, பள்ளத்தில் நெல், வைகாசி ஆனியில் ஊரெங்கும் பலாப்பழ வாசனை. ஐப்பசி கார்த்திகையில் போனால் காபிப் பழம் சிவக்கத் தொடங்கியிருக்கும். மிளகுக்குத் தையில் போக வேண்டும்.

கொல்லிமலையைப் பற்றிப் பேசும்போது சிறுதானியத்தை விட்டுவிடக்கூடாது. மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை என்று சாமையிலேயே பல ரகங்கள் இங்கே உண்டு. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் கைமேல் காசு கொடுத்ததால் மரவள்ளி பரவியது, சாமை சுருங்கியது. இன்னொரு காரணத்தைப் பெண்கள்தான் சொன்னார்கள். சாமையின் உமி லேசில் கழலாது. ஒரு வேளைச் சோற்றுக்கு உரலில் எத்தனை இடி இடிக்க வேண்டும் என்று ஒரு பாட்டி கையால் நடித்தே காட்டினார். ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையை மூலையில் வைத்துவிட்டார்கள், அதில் என்ன தப்பு? நம் தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டது. அதில் பெரிய உதவி, ஊருக்குள்ளேயே உமி நீக்கும் மிஷின் வந்தது என்று அந்தப் பாட்டி சொன்னார். விதையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் பெண்ணின் தோளைக் காப்பாற்ற வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

போக வசதியும் உண்டு. சென்ட்ரலில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ், விடிவதற்கு முன் சேலம், அங்கிருந்து நேராகப் பஸ். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. அம்மாவோடு போகிறவர்கள் அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். எனக்கு இரண்டாம் இடம் கொல்லிமலைக்கு. முள்ளுக்குறிச்சி வழியாகச் சொந்த வண்டியில் போக முடிந்தால், தை மாதமாகவும் இருந்தால், முதல் இடமே கொடுப்பேன்.

ஜவ்வாது மலை

சென்னைக்காரர்களாகிய நாம் பெங்களூருக்கு ரயிலில் போகும்போது வாணியம்பாடி வருவதற்கு முன் இடப்பக்கம் நீலமாக ஒரு மலை கூடவே வரும். எத்தனை தடவை பார்த்திருப்போம்! அதன் மேலே கிராமங்கள் இருக்கின்றன, அவற்றில் இன்றும் சாமை விளைகிறது என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

வாலாஜா, ஆற்காடு, ஆரணி, போளூர். அங்கிருந்து மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். நிறுத்தி நிதானமாகப் போனாலும் சென்னையிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் முடியும். வளைவுகள் உண்டு, கொல்லிமலையோடு ஒப்பிட்டால் மிதம். வெள்ளி காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆரணியில் டிபன், மதியச் சாப்பாடு மலை மேலே. மூன்று நாளில் ஏறத்தாழ இரண்டு நாள் நம் கையில் நிற்கிறது. நான்கு ஊர்களில் இந்தக் கணக்கு இங்கே மட்டும்தான் வருகிறது.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர் இல்லை. மலை மேல் இருக்கும் காவலூரே 725 மீட்டர் உயரம்தான், ஊட்டி கொடைக்கானலை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம். கோடையில் பகல் வெயில் கடுமை. பூம்பாறை மாதிரி ஒரே பார்வையில் மயக்கும் படிவயல்கள் கிடையாது. தங்கும் இடங்கள் குறைவு, இருப்பவையும் எளியவை. முன்பே பேசி வைத்துக்கொள்ளாமல் போகக்கூடாது. சாப்பாட்டுக்கு ஜமுனாமரத்தூர் கடைவீதியை விட்டால் உள்ளூர்களில் யாராவது சமைத்துத் தந்தால்தான் உண்டு. செல்போன் சிக்னல் பல இடங்களில் வராது. அம்மாவின் பிரஷர் மாத்திரையை நான்கு நாளுக்குச் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும்.

இனி நிறைகள். ஊருக்கும் காட்டுக்கும் நடுவே சிறுசிறு மேட்டு நிலங்கள். மானாவாரி. மழையைப் பார்த்து ஆனி ஆடியில் சாமை விதைத்தால் ரகத்தைப் பொறுத்து ஐப்பசி, கார்த்திகைக்குள் அறுப்பு. கூடவே கேழ்வரகு, கொள்ளு. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் நெல். புளியும் தேனும் காட்டிலிருந்து வருகின்றன. ஒரு காலத்தில் சந்தனமும் இந்தக் காட்டின் செல்வம். வெட்டி வெட்டிக் குறைந்துவிட்டது. திருப்பத்தூரில் இருக்கும் அரசுச் சந்தனக் கிடங்கு அந்தக் காலத்தை இன்னும் ஞாபகப்படுத்துகிறது.

இங்கே வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று அவர்களே பொருள் சொல்கிறார்கள். கொல்லிமலை, கல்வராயன், பச்சமலை, ஏற்காடு எங்கும் இதே மக்கள்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து ஏறினார்கள் என்று ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். பேசுவது தமிழ்தான், ஆனால் நமக்குப் பழகாத ஒரு ராகத்தில்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் போயிருந்தேன். களத்தில் சாமைக் கதிரைப் பரப்பி மாடு கட்டிப் போரடித்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்ற என்னைப் பார்த்து அந்த வீட்டு அக்கா, “ஏன் அங்கயே நிக்கிறீங்க, உள்ள வாங்க” என்றார். ஒரு மணி நேரம் கழித்துச் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் வந்தது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. ஐந்து கிலோ சாமை விலைக்குக் கேட்டேன், அதற்குக் காசு வாங்கிக்கொண்டார். மலை ஊருக்குப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. சோற்றுக்கு விலை சொன்னால் அவர்களுக்குச் சங்கடம். தானியத்துக்குப் பேரம் பேசினால் அது நமக்கு அசிங்கம். வயலில் இறங்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன், ஏனென்றால் பூம்பாறைத் திருப்பத்தில் நடப்பது இங்கேயும் நடக்க ரொம்ப நாள் ஆகாது.

மகளுக்கு ஆசை காட்ட ஜவ்வாது மலையில் இன்னொன்றும் இருக்கிறது, காவலூர் வானாய்வகம். பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் மையம் நடத்துவது. நகர வெளிச்சம் எட்டாத இடம், பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வட வானமும் தென் வானமும் தெரியும். 1960-களின் கடைசியில் இங்கே வேலை தொடங்கியது. 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது காவலூரிலிருந்தும் அதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். இங்கே இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே கட்டியது, 1986-லிருந்து வேலை செய்கிறது. அதைத் திட்டமிட்ட வைணு பாப்புவின் பெயரையே அதற்கும் வானாய்வகத்துக்கும் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கேதான் ஒரு சிக்கல். சாமை அறுப்பு ஐப்பசி கார்த்திகையில். அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலமும். வானம் மூடியிருந்தால் நட்சத்திரம் தெரியாது. தெளிந்த வானம் வேண்டுமென்றால் தை முதல் பங்குனி வரை போக வேண்டும், அப்போது சாமை நிலம் தரிசாகக் கிடக்கும். ஒரே பயணத்தில் இரண்டும் கிடைப்பது அபூர்வம். மகளிடம் இதைச் சொன்னேன். “பாட்டிக்கு எது வேணுமோ அதுக்குப் போலாம். நட்சத்திரம் அடுத்த வருஷமும் இருக்கும்ல” என்றாள்.

முடிவு

ஆக ஜவ்வாது மலைதான். தூரமும் மாதமும் சேர்ந்து முடிவு செய்ததைவிட எனக்குள் முடிவு செய்தது வேறொன்று. செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். அம்மா சின்னப்பெண்ணாக மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த ஆறு, அவர் ஊருக்கு மேலே எங்கிருந்து வருகிறது என்று அவர் பார்த்ததே இல்லை. நானும் இதுவரை சொன்னதில்லை. மலை மேல் அது ஓடையாக ஓடும் இடத்தில் காலை நனைத்துவிட்டு வரலாம் என்றேன். “நெசமாவா?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

உங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பதில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் நான் சொல்லும் ஊர் மாறும். அவர்களுக்குக் கிளாவரை. நான்கு பேர் சேர்ந்து ஐந்து நாள் லீவு போட முடிகிற நண்பர்களுக்கு ஆவணியில் வட்டவடை. சமையலில் ஆர்வமுள்ளவர்கள், மிளகும் காபியும் வீட்டுக்கு வாங்கிப் போக நினைப்பவர்கள் தையில் கொல்லிமலை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் நான் ஜவ்வாது மலையைத்தான் சொல்வேன், ஆனால் கொசுவலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன வைப்பது என்று அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் தகராறு ஓயவில்லை. மழைக்கோட்டு போதும் என்பது என் கட்சி. அம்மா இரண்டு குடை, ஒரு டார்ச், அந்த வீட்டுக்குக் கொடுக்க ஒரு கிலோ மிக்சர், இரண்டு நல்ல நூல் புடவை என்று எடுத்து வைத்துவிட்டார். “சும்மாவா போவாங்க?” என்கிறார். போன வாரம் அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது. இந்த வருடம் மழை பிந்தி வந்ததால் விதைப்பும் பிந்திவிட்டது என்றார். கார்த்திகை பிறந்து முதல் வாரம் வந்தால் அறுப்பு நடந்துகொண்டிருக்குமாம். நடுவில் புயல் ஏதும் வந்தால் ஏற வேண்டாம், தானே கூப்பிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா போனை வாங்கி, அரிவாள் பிடித்து முப்பது வருடம் ஆகிறது, ஒரு பிடியாவது அறுக்க விடுவீர்களா என்று அவரிடம் கேட்டார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கும் கேட்டது.